வயிற்றில் இருப்பவை

உமையாள்புரம்
22.04.2024

அன்புள்ள மாமிக்கு,

நீங்களும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் பதினாறாம் திகதி ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவிடம் வந்துவிட்டேன். அன்றிலிருந்து உங்களுக்குப் போன் எடுக்கிறேன், மணி அடித்து அடித்து நிற்கிறது. நேற்று அப்பா தன்னுடைய போனில் எடுத்தபோது, "அவளோடை எனக்குக் கதை இல்லை. சொல்லுறதை எழுத்திலை தரச் சொல்லுங்கோ" என்று சொல்லி வைத்தீர்களாம். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் மருந்து எடுத்து இப்போது நித்திரை வருகிறது. சாப்பாடு இறங்குகிறது. பிள்ளை தாயோடு இருக்கலாம், இருப்பதுதான் இருவருக்கும் நல்லது என்று டொக்டர் துண்டில் எழுதித் தந்திருக்கிறார். பால் இன்னும் வருகிறது மாமி. பிழிந்து கோப்பையில் எடுத்து முருங்கை அடியில் ஊற்றுகிறேன். அப்பா உப்பளத்தால் வந்து அதைக் கண்டால் முகம் கழுவப் போய்விடுகிறார். நான் நெடுங்கேணிக்கு வரட்டுமா, அல்லது நீங்கள் பிள்ளையைக் கொண்டுவருகிறீர்களா? நிருஷனிடம் கேட்டேன். கட்டாரில் இருந்துகொண்டு தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது, அம்மா சொல்வதைக் கேள் என்கிறார்.

இன்னொன்று. கிணற்றடியில் நடந்ததை நீங்கள் ஊரில் வேறு விதமாகச் சொல்லியிருப்பதாக அறிந்தேன். பயத்தில் சொல்லியிருப்பீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்று பிள்ளை பிறந்து ஐம்பதாம் நாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தது நீங்கள் அங்கே துணி தோய்த்துக்கொண்டு நின்றதால்தான். பிள்ளையை உங்களிடம் நீட்டி, "ஒருக்கா வாங்குங்கோ மாமி, எனக்குக் கையிலை வைச்சிருக்கப் பயமாக் கிடக்கு" என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

பதில் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்
சாரங்கா


நெடுங்கேணி
29.04.2024

சாரங்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

பிள்ளை சுகமாக இருக்கிறாள். பால்மா குடிக்கிறாள். நிறை ஐந்து கிலோ நூறு. உன் பாலைக் குடித்த காலத்தில் ஒரு கிழமையாவது இப்படி ஏறியதில்லை. நிதுர்சா என்று பெயர் பதிந்தாயிற்று. நீ ஏதோ ஒரு பெயர் யோசித்து வைத்திருந்ததாக நிருஷன் சொன்னான். அப்போது நீ பெயர் சொல்லக்கூடிய நிலையில் இருக்கவில்லை.

கிணற்றடியில் நின்றது நாம் இருவரும் மட்டும். நான் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். நீ மூன்று வாரம் மனநோய் வார்ட்டில் கிடந்து வந்தவள். நீ பிள்ளையைக் கிணற்றில் போடப் பார்த்தாய், நான் பறித்தெடுத்தேன் என்று, பிள்ளையை நிறுக்க வருகிற குடும்பநல மாதுவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நீ சொல்வதை எழுத உனக்கு ஒருவரும் இல்லை.

நீ வரவேண்டாம். நானும் வரமாட்டேன். தாயில்லாமல் வளர்ந்த உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று கலியாணத்துக்கு முதலே நிருஷனுக்குச் சொன்னேன். கேட்கவில்லை. உன் தாய் முள்ளிவாய்க்காலில் போனது உன் குற்றம் இல்லைத்தான். ஆனால் அந்தக் குறையை என் பேத்தி சுமக்க வேண்டியதில்லை.

பாலை முருங்கைக்கு ஊற்றுவது நல்லது. தொடர்ந்து செய்.

ப. நாகேஸ்வரி


உமையாள்புரம்
06.05.2024

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். அம்மாவைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுதமாட்டேன்.

எனக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் மனம் மாறும் என்று நினைக்கிறேன். எனக்கே இப்போதுதான் விளங்கியது. கிளினிக்கில் இருக்கிற டொக்டர் வயதில் சின்னவர். போன கிழமை என்னைக் கதிரையில் இருத்தி அரை மணித்தியாலம் கதைத்தார். சிசேரியன் காயம் பிள்ளை பிறந்து ஏழாம் நாள் சீழ் பிடித்ததும், பத்து நாள் ஊசியும் இரண்டு கிழமை குளிசையும் தந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த மருந்து இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன். ஆனால் வயிரு கெட்டது அதற்குப் பிறகுதான். ஒரு நாளைக்கு எட்டுத் தரம் போனேன். பிறகு வயிரு ஊதிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பிறகுதான் அந்த இருட்டு வந்தது.

எங்கள் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் குடியிருக்கின்றனவாம். எல்லாக் கிருமியும் கெட்டதில்லையாம். சாப்பாட்டைச் செமிக்க உதவுவது மட்டுமில்லை, குடலிலிருந்து மூளைக்குப் போகிற சேதிகளிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கிறதாம். காயத்துக்குத் தந்த மருந்து கெட்டதைக் கொல்லும்போது நல்லதையும் சேர்த்துக் கொல்லும். அவை திரும்பவும் பெருக மரக்கறி, கீரை, பழம், தயிர் எல்லாம் வேண்டும். நான் நாற்பது நாள் பத்தியத்தில் சரக்குக் கறியும் சுட்ட கருவாடும் தின்று, அளந்த தண்ணீர் குடித்தேன். குற்றமாகச் சொல்லவில்லை மாமி. நீங்கள் அறிந்தபடி செய்தீர்கள்.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது ஒண்டுதான் காரணம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆராய்ச்சி இன்னும் நடக்குது. நித்திரை இல்லாதது, துணைக்கு ஆள் இல்லாதது, பிள்ளை பெத்த உடம்பிலை வாற மாற்றம், எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனா இது உங்கடை குணம் இல்லை. இது ஒரு வருத்தம். மாறும்."

குணம் இல்லை என்ற சொல்லைக் கேட்டு அந்தக் கதிரையிலேயே அழுதேன். பிள்ளை அழும்போது எனக்கு ஒன்றுமே தோன்றாமல் இருந்ததே, அது நான் இல்லையாம்.

இப்போது தயிரும் கீரையும் பழஞ்சோறும் சாப்பிடுகிறேன். குளிசையும் எடுக்கிறேன். தயவுசெய்து ஒரு நாள் வரவிடுங்கள். பக்கத்தில் நீங்கள் இருங்கள். பிள்ளையைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

சாரங்கா


நெடுங்கேணி
15.05.2024

சாரங்காவுக்கு,

வயிறு என்பதற்கு வல்லின றகரம். இரண்டு இடத்திலும் பிழை. நான்காம் வகுப்புப் பிள்ளை விடாத பிழை.

உன் கடிதம் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. மருந்தால் குடலில் நல்லது செத்துவிட்டது என்று நீயே உன் கையால் எழுதித் தந்திருக்கிறாய். நல்லது செத்தால் மிஞ்சுவது என்ன? அது மூளைவரை போகும் என்றும் எழுதியிருக்கிறாய். பிள்ளை அழும்போது ஒன்றும் தோன்றவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த உடம்பில் ஊறுகிற பாலை என் பேத்திக்குக் கொடுக்கவா கேட்கிறாய்? உன் எச்சிலும் மூச்சும் படப் பிள்ளையைத் தொடவா கேட்கிறாய்?

பிரதேச செயலகத்தில் சிறுவர் அலுவலரிடம் பிள்ளையை என் பொறுப்பில் விடும்படி விண்ணப்பித்திருக்கிறேன். உன் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். கீழே கோடிட வேண்டிய இடங்களில் கோடிட்டுக் கொடுத்தேன்.

தயிர் தின்று தாயாகலாம் என்று உனக்குச் சொன்ன டொக்டருக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுப் பார்.

ப. நாகேஸ்வரி


உமையாள்புரம்
03.06.2024

மாமிக்கு,

நான் சனிக்கிழமை வந்ததை நீங்கள் நிருஷனுக்கு எப்படிச் சொன்னீர்கள் என்று அவர் எனக்குச் சொன்னார். நான் கேற்றை உடைக்கப் பார்த்தேனாம், கத்தினேனாம். அயலில் யாரையும் கேளுங்கள். விடிய வெளிக்கிட்டு, புளியங்குளத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் நின்று வந்தேன். உங்கள் கேற்றுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டால் அதையும் நீங்கள் எழுதிவைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தீர்கள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள். தலைமயிர் சுருண்டு கிடக்கிறது, என்னுடைய அம்மாவுக்கும் அப்படித்தான். பிள்ளை என் பக்கம் பார்த்தது. உடனே நீங்கள் உள்ளங்கையால் அதன் முகத்தை உங்கள் தோளுக்குத் திருப்பினீர்கள். "ஆரெண்டு தெரியாத ஆக்களைக் கண்டால் பிள்ளை பயப்பிடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள்.

அதை எனக்குச் சொன்னீர்களா, பிள்ளைக்குச் சொன்னீர்களா? பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே யோசித்தேன். கனகராயன்குளத்தில் ஏறிய ஒரு மனுசி பக்கத்தில் இருந்து, என் சட்டை நனைந்திருப்பதைக் கண்டு தன் சால்வையைத் தந்தா. பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டா. நாலு என்றேன். எங்கே பிள்ளை என்று அவா கேட்கவில்லை.

என் கடிதத்துக்குக் கோடு போட்டு அலுவலரிடம் கொடுத்தீர்கள். சரி. இனி உங்களுக்கு என் மனதில் இருப்பதை எழுதமாட்டேன்.

சாரங்கா


நெடுங்கேணி
12.06.2024

சாரங்காவுக்கு,

நல்லது. மனதில் இருப்பதை எழுதாதே. அங்கே இருந்தது என்ன என்று எல்லோரும் பார்த்தாயிற்று.

அலுவலர் விசாரணைக்குத் திகதி குறித்து உனக்கும் அறிவிப்பார். அதுவரை இங்கே வந்தால் பொலிஸில் முறைப்பாடு கொடுப்பேன். நிருஷன் உன்னை விட்டுவிடுவான் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கிறான் என்று மட்டும் சொல்கிறேன்.

ப. நாகேஸ்வரி


உமையாள்புரம்
15.07.2024

மாமிக்கு,

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று ஐந்து நாளாக வார்ட்டில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நேற்று குடும்பநல மாது ஸுஹறா மிஸ்தான் மனம் கேளாமல் போன் எடுத்துச் சொன்னா. நான் போட்ட உடுப்போடு வந்தேன்.

வார்ட் வாசலில் பிள்ளையின் பெயரைச் சொல்லி, நான் தாய் என்றேன். தாதி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. "தாய் மோசம் போயிட்டா எண்டல்லோ பதிஞ்சிருக்கு" என்றா. நான் செத்துவிட்டேனாம்.

என் அடையாள அட்டையைக் காட்டினேன். அதில் என் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் கலியாணப் பத்திரமும் உங்கள் அலுமாரியில். அந்தத் தாய் நான்தான், உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட என்னிடம் ஒரு கடதாசிகூட இல்லை. உள்ளே ஒரு பிள்ளை ஈனமாக அழுதது. அது நிதுர்சாவா என்று எனக்குத் தெரியவில்லை. சொந்தப் பிள்ளையின் அழுகை எது என்று தெரியாமல் நின்றேன். அது உங்களால்தான்.

உங்களைக் கூப்பிடச் சொன்னேன். தாதி போய்வந்து, அப்பம்மா குளிக்கப் போய்விட்டா என்று சொன்னா. கட்டிலடியில் உங்கள் செருப்பு தெரிந்தது. பார்வையாளர் நேரம் முடியும்வரை நின்றேன்.

பால் வற்றிவிட்டது. போன மாதம் கடைசியில் நின்றது. இனி அந்தப் பயமும் உங்களுக்கு வேண்டாம்.

விசாரணை ஓகஸ்ட் பதினான்காம் திகதி. வருவேன்.

சாரங்கா


நெடுங்கேணி
27.07.2024

சாரங்காவுக்கு,

பிள்ளைக்குச் சுகம். போன கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். இந்தக் கடிதத்தை வாசித்ததும் எரித்துவிடு. உன்னிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

நீ வாசலில் நின்றது எனக்குத் தெரியும். குளிக்கப் போகவில்லை. பிள்ளைக்கு சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கைகால் துணி போலக் கிடந்தது. அழக்கூடச் சத்தம் இல்லை. அந்தக் கிடையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தோம். அடுத்த வருடம் தை மாதம், மல்லாவியில் ஒரு கொட்டிலில் எனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நிருஷனுக்கு அப்போது மூன்றரை வயது. அவனுக்கு நினைவில்லை. நாங்கள் ஒருநாளும் சொன்னதும் இல்லை. பிள்ளை பிறந்ததும் எனக்குக் காய்ச்சல். யாரோ கொண்டுவந்து தந்த குளிசைகளையெல்லாம் விழுங்கினேன். வயிறு கழன்று ஓடியது. பிறகு எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கொட்டிலின் கூரையில் ஒரு ஓட்டை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மாமா நிருஷனையும் கூட்டிக்கொண்டு நிவாரண அரிசிக்குப் போனவர், இரண்டு நாள் திரும்பிவர முடியவில்லை. அந்த இரண்டு நாளும் பிள்ளை அழுதது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் பொய். எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. பால் கட்டி நெஞ்சு நொந்தது, அப்போதும் தோன்றவில்லை. பிறகு பிள்ளையின் சத்தம் குறைந்தது. மாமா வந்து பார்த்தபோது முடிந்துவிட்டது. முப்பத்தொன்பது நாள். மலேரியா என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் எல்லாம் மலேரியா. நானும் அப்படியே சொன்னேன். மாமா சாகும்வரை என்னிடம் கேட்கவில்லை.

அடுத்த கொட்டிலில் ஒரு குடும்பம் இருந்தது. நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். பிள்ளையைக் கொஞ்சம் வாங்குங்கள் என்ற ஒரு சொல். அது எனக்கு வாயில் வரவில்லை. இருபத்தேழு வருடமாக அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கிணற்றடிக்கு வந்து, பிள்ளையை நீட்டி அதையே சொன்னாய். எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டாய். எனக்கு உன்னில் வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? இவளுக்கு ஏன் வாய் வந்தது, எனக்கு ஏன் வரவில்லை? ஸுஹறா வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, கிணற்றில் போடப் பார்த்தாள் என்றேன். சொன்ன பிறகு அதை மாற்ற எனக்கு முடியவில்லை. பிறகு மாற்ற விருப்பமும் இல்லை.

வார்ட்டில் டொக்டர் சொன்னார், தாய்ப்பால் குடித்த பிள்ளையின் குடலில் நல்ல கிருமிகள் தானாகப் பெருகுமாம், பாலில் அவற்றுக்கென்றே சாப்பாடு இருக்கிறதாம். இந்தப் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை என்றார். தாய் இல்லையே, என்ன செய்வது என்று என்னைப் பார்த்து இரங்கினார். நான் தலையாட்டினேன்.

ஒரு நாள் வந்து பிள்ளையைப் பார். உன் அப்பாவையும் கூட்டிவா. விசாரணைக்கு முதல் நாங்கள் கதைத்து ஒரு முடிவுக்கு வரலாம்.

இதை எரித்துவிடு.

நாகேஸ்வரி


உமையாள்புரம்
05.08.2024

திருமதி நாகேஸ்வரி பரமேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பதிவுத் தபாலில் கிடைத்தது. எரிக்கவில்லை. பரந்தனில் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்றைச் சிறுவர் அலுவலருக்குக் கொடுத்தேன். ஒன்றை ஸுஹறா மிஸ்ஸுக்குக் கொடுத்தேன், தன் புத்தகத்தில் எழுதியதைத் திருத்துவதற்கு. ஒன்றைப் படம் பிடித்து நிருஷனுக்கு அனுப்பினேன். அசல் என்னிடம் இருக்கிறது.

கோடு போடவில்லை. எல்லா வரியும் வேண்டியிருந்தது.

உங்கள் பிள்ளையை நினைத்து அழுதேன். அப்பாவும் அழுதார். உங்களுக்காக அழவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இவ்வளவு நாளும் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். பழைய காலத்து ஆள், இந்த வருத்தத்தை எங்கேயும் கண்டிருக்கமாட்டா, பயந்துபோய்ச் செய்கிறா என்று டொக்டரிடம்கூட உங்களுக்காகக் கதைத்தேன். ஆனால் அந்த வீட்டில், அந்த ஒழுங்கையில், எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். டொக்டருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். உங்களுக்கு உடம்பிலே தெரியும். தெரிந்துகொண்டு எனக்குக் கிருமி என்று எழுதினீர்கள். தெரிந்துகொண்டு என்னைச் செத்தவள் என்று பதிந்தீர்கள்.

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

நிருஷன் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், "எனக்கு ஒரு தங்கச்சி இருந்ததோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பிள்ளையை நீ வைச்சிரு" என்றார். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. உங்களோடும் கதைத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

விசாரணைக்கு முதல் நாங்கள் கதைத்து முடிவுக்கு வர ஒன்றும் இல்லை. பதினான்காம் திகதி, காலை பத்து மணி. பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள்.

மு. சாரங்கா


நெடுங்கேணி
17.08.2024

சாரங்காவுக்கு,

அலுவலர் என் கடிதத்தை அத்தனை பேருக்கும் முன்னால் சத்தமாக வாசித்தார். ஸுஹறா தலையைக் குனிந்துகொண்டாள். உன் அப்பா வெளியே எழும்பிப் போனார். நீ குனியவும் இல்லை, போகவும் இல்லை. முகத்தை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு வருத்தம் மாறிவிட்டது என்று அப்போது நம்பினேன்.

இருபத்துமூன்றாம் திகதி பிள்ளையைக் கொண்டுவந்து தருவேன். உன் சம்மதம் இருந்தால் மட்டும் நான் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து வைத்தேன். இப்போது ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் கதைப்பதை நிறுத்திவிட்டு, நான் கடந்து போன பிறகு தொடங்குகிறார்கள். அதை உனக்கு நான்தான் முதலில் செய்தேன். எனக்கு மறக்கவில்லை.

நிருஷன் போன் எடுப்பதில்லை.

நாகேஸ்வரி


உமையாள்புரம்
29.08.2024

மாமிக்கு,

பிள்ளை ஆறு நாளாக அழுகிறாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை வருகிற நேரத்தில் தொடங்கினால் நிறுத்துவதே இல்லை. நான் தூக்கினால் முதுகை வளைத்துப் பின்னுக்குச் சரிகிறாள். என் முகத்தைக் கையால் தள்ளுகிறாள். அப்பாவிடம் கொஞ்சம் நிற்கிறாள். வாசலில் யாரும் சேலையோடு வந்தால் கையை நீட்டுகிறாள்.

வயிறு நல்லாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை. ஸுஹறா மிஸ் பார்த்தா. பிள்ளை உங்களைத் தேடுகிறது, அவ்வளவுதான் என்று சொன்னா. எனக்கும் தெரியும்.

நீங்கள் எப்படி அவளை நித்திரையாக்குவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பாட்டா, சேலையில் கட்டுகிற ஏணையா, எந்தப் பக்கம் சரித்துப் போடுவது, எல்லாம் எழுதுங்கள். எழுதினால் போதும்.

நீங்கள் வரவேண்டாம்.

சாரங்கா


நெடுங்கேணி
02.09.2024

சாரங்காவுக்கு,

பாட்டு இல்லை. எனக்குப் பாட வராது. தோளில் போட்டுக்கொண்டு நடந்து வாய்ப்பாடு சொல்வேன். ஐந்தாம் வாய்ப்பாட்டில் தலை சாயும். ஆனால் சும்மா சொன்னால் நித்திரை வராது. முதுகில் தட்டுகிற ஒரு கணக்கு இருக்கிறது, அதை எழுத்தில் காட்ட முடியாது. என் குரலும் வேண்டும். உன்னுடையதை அவளுக்குத் தெரியாது.

பிள்ளை அழுதழுது நெஞ்சில் சளி கட்டிவிடும். நீ சம்மதித்தால் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அரை மணித்தியாலம் போதும். ஒரு தரம் காட்டித் தந்துவிட்டு, முற்றத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுகிறேன். பிள்ளைக்காகக் கேட்கிறேன், எனக்காக இல்லை.

இல்லை. எனக்காகவும்தான். ஒருக்கா வரவிடு பிள்ளை.

நாகேஸ்வரி


உமையாள்புரம்
09.09.2024

மாமிக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சனிக்கிழமை நீங்கள் வரக்கூடும் என்று நினைத்துக் காலையிலேயே கேற்றைப் பூட்டிவிட்டேன். அப்பா என்னோடு கோபித்துக்கொண்டார். "அது பிள்ளைக்குச் செய்யிற அநியாயம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போனார். அவர் சொன்னது சரி. நான் பூட்டைத் திறக்கவில்லை.

வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். நீங்கள் எழுதியது உண்மை, என் குரலில் அது வேலை செய்யவில்லை. கேட்டதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், உங்களைத் தேடித்தான். பிறகு இன்னும் கூட அழுதாள். அதனால் அதை விட்டுவிட்டேன். இனிச் சொல்லமாட்டேன்.

நேற்று மத்தியானமும் அழுதாள். நான் ஒன்றும் செய்யவில்லை. தூக்கவில்லை, ஆட்டவில்லை, பாடவில்லை. பாயில் பக்கத்தில் இருந்தேன். தள்ளினாள், தள்ளவிட்டேன். என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், இழுக்கவிட்டேன். ஒன்றரை மணித்தியாலம். அதற்குப் பிறகு குரல் அடைத்து, என் மடியில் முகம் குப்புறக் கிடந்து நித்திரையாகிவிட்டாள்.

களைத்துப்போய்த்தான் கிடந்தாள். என்னைப் பிடித்துப்போய் அல்ல. எனக்கு அது போதும்.

சாரங்கா